செண்பகத்துக்கு நான் போட்ட எட்டு

ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்திலிருந்து செண்பகம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மழைக்காலம் முடிந்து தண்ணீர் அளவாக விழுந்துகொண்டிருந்தது. நான் ஆண்கள் பக்கம் குளித்துவிட்டு, கடையோரம் நின்று சூடு ஆறாத நேந்திரங்காய் சிப்ஸைத் தின்றுகொண்டிருந்தேன். கணவன் மனைவியானாலும் அருவிக்குப் போனால் நானும் அவளும் தனித்தனிதான். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் எவ்வளவு நேரம் நிற்கிறாள், யாரோடு பேசுகிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஈரத்தலையைத் துண்டால் முடிந்துகொண்டு வெளியே வரும்போது இருக்கிற முகத்தைத்தான் எனக்குப் பார்க்கக் கிடைக்கும்.

அன்று அந்த முகம் நன்றாக மலர்ந்திருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் அன்று காலைதான் அவளுக்கு அந்த வீட்டைக் காட்டியிருந்தேன்.

ஐந்தருவிக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தோப்புக்கு நடுவே இருந்தது வீடு. மாடசாமி அண்ணாச்சிக்குச் சொந்தம். சீசனில் ஜன்னலைத் திறந்தால் அருவிச் சத்தம் கேட்கும். ஓய்வு பெற்ற பிறகு அப்படி ஒரு வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது எனக்கு மீசை முளைத்த காலத்து ஆசை. தென்காசி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஆனியில் சாரல் தொடங்குமுன் இங்கே வந்துவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

‘வீடு எப்படி?’ என்று பஸ்ஸில் கேட்டேனா? இல்லை. சிரிப்பைப் பார்த்தாயிற்று, அது போதும் என்று விட்டுவிட்டேன். மறுநாளே அண்ணாச்சிக்குப் போன் போட்டு, “வீட்டுல சரின்னுட்டாக” என்று சொல்லியும் விட்டேன்.

படிவம் நிரப்பியவன்

சென்ற வார அத்தியாயத்தில் பள்ளிக்கூட ஆண்டு விழாவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ராஜபாளையத்து வாசகி ஒருவர், ‘இத்தனை வாரமாக எழுதுகிறீர்கள், மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே’ என்று கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம்தான். அதற்குத்தான் இந்த வாரம்.

என் உத்தியோகத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். சேர்க்கைப் படிவத்தைக் கையில் வாங்கியவுடன் திருதிருவென்று விழிக்கிற பெற்றோரிடமிருந்து அதைப் பிடுங்கி நானே எழுதிவிடுவேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் விவசாயம். தாயார் தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போடுவதற்குமுன் எந்தத் தாயாரையும் நான் நிமிர்ந்து பார்த்ததாக நினைவில்லை. என்னைப்போல வேகமாகப் படிவம் நிரப்ப அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

ஓய்வு பெற்றபின் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. காலையில் பேப்பரை விளம்பரம்வரை படித்துவிட்டு, பத்து மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் குழாயை இறுக்குவேன், தளர்த்துவேன். அப்போதுதான் வெளியூர்க் கல்லூரி ஒன்று ஏதோ ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் தேடியது. போய்ச் சேர்ந்தேன். கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் அட்டை, மண்டைக்கு ஒரு தொப்பி.

எங்களுக்கு மேற்பார்வையாளர் இசக்கி. ராயகிரியில் பிறந்தவள், என் மகளைவிட வயதில் சின்னவள். ‘சார்’ என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே நம்மை மொட்டை வெயிலில் நடக்க வைத்துவிடுவாள்.

ஏணி

கேள்விகள் ஏராளம். அதில் முக்கியமானது ஏணிக் கேள்வி. டேப்லெட்டில் பத்துப் படி ஏணி ஒன்றின் படம் வரும். உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை மேல்படி. மிக மோசமானது தரை. இருபது வயதில் எந்தப் படியில் நின்றீர்கள், முப்பதில், நாற்பதில், ஐம்பதில் எங்கே, இன்று எங்கே, ஐந்து வருடம் கழித்து எங்கே நிற்பீர்கள்? அந்தந்த வயதைத் தாண்டியவர்களிடம் மட்டும் அதைக் கேட்க வேண்டும்.

குத்துக்கல்வலசையில் போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் இளைஞன் ஒருவன். இன்றைக்கு இரண்டு என்றான். ஐந்து வருடம் கழித்து? “பத்து சார். உடுப்பு மாட்டிட்டா பத்து.” அடுக்களையிலிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது. “இன்னைக்கு நாலுன்னு போடுங்க சார். மூணு வேளையும் சோறு போடுதேன்லா, அதுக்கு ரெண்டு மார்க்கு கூடவா கெடையாது?”

செல்போன் கடை வைத்திருந்த ஒருவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். இன்றைக்கு மூன்று என்று பட்டென்று சொல்லிவிட்டார். இருபது வயதுக்குத்தான் நேரம் எடுத்துக்கொண்டார். “எட்டு இருந்திருக்கும் சார். அப்பம் தெரியல” என்றார். பிறகு யாருக்கோ ரீசார்ஜ் செய்யத் திரும்பிக்கொண்டார்.

சுந்தரபாண்டியபுரத்தில் ராணுவத்திலிருந்து வந்து விவசாயம் பார்த்த ஒரு பெரியவர். எண்பதைத் தாண்டியவர். முழங்கால் மடங்காது, காலை நீட்டித்தான் உட்கார முடியும். அவர் இன்றைய மார்க் ஒன்பதரை என்றார்.

“முட்டு வலிக்கின்னு இப்பத்தானே சொன்னீய?”

“முட்டுதானவே வலிக்கி. எனக்கு என்ன?”

“அரை மார்க் போட முடியாது அண்ணாச்சி. பத்துன்னு போட்டுருதேன்.”

“ஏய், பத்துன்னு போட்டுறாதீரும். கண்ணு பட்டுரும். ஒம்பதுன்னே போடும்.”

நான் பார்த்த வரையில் சின்ன வயதுக்காரர்கள் எல்லா மார்க்கையும் கடைசிக் கட்டத்துக்கு ஒதுக்கிவைத்தார்கள். நாற்பதுகளில் இருந்தவர்கள் கேள்வி கேட்ட என்மேலேயே எரிந்து விழுந்தார்கள். கிழடுகள்தான் தாராளமாக அள்ளிக் கொடுத்தார்கள். கண்ணுக்குப் பயந்து ஒரு படி கீழே நின்றுகொள்வார்கள், அவ்வளவுதான்.

என் பொறுமையைச் சோதித்தவர்கள் நடுவயதுப் பெண்கள். ‘தனியாக வைத்துக் கேட்க வேண்டும்’ என்பது இசக்கியின் கண்டிப்பான விதி. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஒருவரைத் தனியாக வைத்து ஒரு நிமிடம் பேசிவிட முடியுமா? அந்த அம்மா வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து புருஷன் சத்தம் கொடுப்பான். “அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா. ஏழு போட்டுக்கோங்க.” புருஷன் வீட்டில் இல்லையென்றால், “அவுகளைக் கேட்டுட்டுச் சொல்லுதேனே” என்பார்கள்.

எனக்குக் கோபம் வரும். “ஏம்மா, உங்க வாழ்க்கைக்கு நீங்க மார்க் போட அவரு எதுக்கு?” என்று பெரிய சீர்திருத்தவாதி மாதிரிப் பேசுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செண்பகத்திடமும் இதைச் சொல்லி அங்கலாய்ப்பேன். அவள் “ம்” என்பாள். அவளுக்கு வேலை இருக்கும்.

முன்னறையில் நடந்த வேலை

அந்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கள் மகள் கல்யாணத்துக்குச் செண்பகமே முகூர்த்தப் பட்டுச் சேலையை முன்கூட்டியே கொசுவம் வைத்து, அயர்ன் போட்டு, பின் குத்தி, பெட்டியில் மடித்துக் கொடுத்தாள். மணப்பெண் எடுத்து அப்படியே இடுப்பில் சுற்றிக்கொண்டால் வேலை முடிந்தது. பார்த்தவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். இப்போது அதற்கு ப்ரீ ப்ளீட்டிங் என்று பெயர், வாசலில் சின்ன போர்டுகூட இருக்கிறது. முகூர்த்த மாதம் வந்தால் எங்கள் முன்னறையில் எனக்கு உட்கார இடமிருக்காது. கட்டிலெல்லாம் பட்டு, நாற்காலியெல்லாம் கிளிப்பு. பெண்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள், சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

நான் அதைப் பொழுதுபோக்கு என்றுதான் எண்ணியிருந்தேன். தோப்பு வீட்டுக்குப் போய்விட்டால் பாவம் அவளுக்கும் ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஆய்வில் ஒரு தெருவில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது வீடு என்று எண்ணிப் போக வேண்டும். எங்கள் தெருவில் எண்ணியபோது பதினைந்தாவதாக என் வீடே வந்து நின்றது. சொந்த வீடு வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. அடுத்த வீடு பூட்டியிருந்தது. மாசி மாதத்து நண்பகல், கால் சுட்டது. விதியை மீறி என் வீட்டையே பதிந்தேன். வீட்டிலுள்ளவர்களில் கேள்வி கேட்க வேண்டியவராக டேப்லெட் செண்பகத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தது.

முன்னறையில் மூன்று பெண்களோடு அவள் ஏதோ பார்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, மோரைக் குடித்துக்கொண்டே அவளுடைய வாழ்க்கையை நிரப்பினேன். இருபதில் ஆறு. முப்பதில் ஏழு. நாற்பதில் எட்டு, ஏனென்றால் அது எங்கள் நல்ல காலம். ஐம்பதில் எட்டு. இன்றும் எட்டு. ஐந்து வருடம் கழித்து, தோப்பு வீட்டை நினைத்து, ஒன்பது.

மோர் தீருமுன் படிவம் முடிந்துவிட்டது. பழைய வேகம் போகவில்லை என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

வேறுபாட்டுப் பட்டியல்

நாங்கள் உண்மையாகத்தான் கேட்டோமா என்று பார்க்க, சில வீடுகளுக்கு மேற்பார்வையாளர் மறுபடி போய்க் கேட்பார். எந்த வீடு என்பதைக் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கும்.

ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது செண்பகம் சொன்னாள். “உங்க ஆபீஸ் பிள்ளை வந்துச்சு. இசக்கி. எங்க ஊரு பக்கத்துப் பிள்ளையாம்லா. நல்ல பிள்ளை.”

“என்ன கேட்டா?”

“நீங்க ஊர் பூரா கேக்கதைத்தான் கேட்டா” என்றாள். அயர்ன் பாக்ஸைத் தண்ணீர் தெளித்துச் சூடு பார்த்தாள்.

விதியை மீறியதற்கு வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களே என்பதுதான் என் பயம். வேறொன்றும் அப்போது தோன்றவில்லை.

மறுநாள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில், வாடகைக்கு எடுத்த அறையில் இசக்கி என்னைக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சார், இது உங்க வீடுதானே?”

“ஆமாம்மா.”

“ரூல் தெரியும்லா?”

“தெரியும்.”

“ரிப்போர்ட்ல நான் ஒண்ணும் எழுதல. ஆனா நீங்க போட்டதுக்கும் அவங்க சொன்னதுக்கும் ரொம்ப வித்தியாசம் வந்திருக்கு. அது தானாவே இந்த லிஸ்ட்ல ஏறிரும். காரணம் எழுதினாத்தான் மூடும். நீங்கதான் எழுதணும்.”

டேப்லெட்டை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். வேண்டுமென்றேதான் போனாள் என்று நினைக்கிறேன்.

இடது பக்கம் என் எண்கள். வலது பக்கம் செண்பகத்தின் எண்கள். இருபதில் ஏழு. முப்பதில் நான்கு. நாற்பதில் இரண்டு. ஐம்பதில் ஐந்து. இன்று ஒன்பது.

முதலில் அந்த இரண்டில்தான் கண் நின்றது. நாற்பது. அப்போது எனக்கு நாற்பத்து நான்கு. ஆய்வில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் அந்த வயதுக்கு யோசிக்காமல் ஒன்பது போட்டிருப்பேன். புது ஸ்கூட்டர், ஆபீஸில் செல்வாக்கு, சங்கத்தில் செயலாளர் பதவி. எந்த அதிகாரி வந்தாலும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போகிறவன் நான். வீட்டில் என் அம்மா படுத்த படுக்கையாக இருந்த வருடங்களும் அவைதான். திருப்பிப் போடுவதும் துடைப்பதும் ஊட்டுவதும் செண்பகம். நான் காலையில் அம்மாவின் தலையைத் தடவிவிட்டுக் கிளம்புவேன். ‘இப்படி ஒரு மகன் கிடைக்குமா’ என்று தெருவே சொன்னது. அதையும் சேர்த்துத்தான் என் ஒன்பது.

அவள் அந்த வருடங்களில் அருவிக்கு ஒருதடவைகூட வரவில்லை என்பது அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபது வயதில் ஒரு மாடி அறையில் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைசிக் கட்டத்தில் எண் இல்லை. ‘ஐந்து வருடம் கழித்து’ என்ற கேள்விக்குக் கீழே, குறிப்பு எழுதும் இடத்தில் இசக்கி அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: ‘கணவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.’

ஊரிலுள்ள பெண்களையெல்லாம் நான் திட்டிய அதே பதில்.

காரணம் எழுதவில்லை. நாளைக்கு எழுதுகிறேன் என்று இசக்கியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

தண்ணீருக்குள் பேசியது

நல்லவேளை, முன்னறையில் வேறு யாரும் இல்லை. செண்பகம் அரக்கு நிறப் பட்டு ஒன்றுக்குக் கொசுவம் எடுத்துக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு பின். நான் கிளிப்புகளை ஒதுக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“அன்னைக்கு ஐந்தருவியில சிரிச்சுக்கிட்டே வந்தியே. எதுக்கு?”

பின்னை எடுத்துவிட்டு யோசித்தாள். “வீடு பாத்துட்டுப் போனமே, அன்னைக்கா? அதுவா. உள்ள தண்ணிக்குள்ள நிக்கேன், ஒரு பொம்பளை என் மொகத்தையே பாக்கா. ‘நீங்க தென்காசில சேலை மடிக்கிற அக்காதானே’ன்னா. அந்தச் சத்தத்துல, தலையில தண்ணி விழ விழ, மக கல்யாணத்துக்கு மொத்தச் சேலையும் நீங்கதான்க்கான்னு சொல்லிட்டா. சம்பந்தி வீட்டுக்கும் சேத்து. எனக்குச் சிரிப்பு தாங்கல. அருவிக்குள்ள வச்சு யாருக்காவது ஆர்டர் கெடைக்குமா?”

“என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“பஸ்ல ஏறுனதுல இருந்து எறங்குத வரைக்கும் நீங்க ஜன்னலைப் பத்தியே பேசிட்டு வந்தீய. நடுவுல எங்கன சொல்ல?”

“அப்பம் வீடு புடிக்கலையா?”

“வீட்டுக்கு என்ன, நல்ல வீடு. ஆனா தோப்புக்குள்ள யாரு சேலையத் தூக்கிட்டு வருவா? ரெண்டு நாளைக்கு ஒரு மனுஷி மொகம் பாக்க முடியுமா அங்கன?”

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

“கேட்டியளா?”

கோபமாகக் கேட்கவில்லை. கொசுவத்தைப் பெருவிரலால் நீவிக்கொண்டே கேட்டாள். பிறகு அவளாகவே சொன்னாள். “ரிட்டயர் ஆனதுல இருந்து உங்க மொகம் சரியில்ல. அந்த வீட்டைப் பத்திப் பேசும்போதுதான் கொஞ்சம் தெளியுது. அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன். சரி, உங்களுக்கு இன்னைக்கு எத்தனை மார்க்கு?”

இதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி. “நாலு” என்றேன்.

“நாலா?” அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டாள். “நான் ஆறாவது இருக்கும்னு நெனச்சேன்.”

அவள் முன்னாலேயே மாடசாமி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். வரவில்லை என்று சொன்னேன். நாற்பது வருட ஆசை அது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

“வீட்டுல சரின்னுட்டாகன்னு சொன்னீயளே?” என்றார் அண்ணாச்சி.

“நான்தான் சொன்னேன் அண்ணாச்சி. அவ சொல்லல.”

போனை வைத்தபின் கேட்டேன். “இப்பச் சொல்லு. அஞ்சு வருஷம் கழிச்சு?”

“ஒம்பது” என்றாள். “பத்துன்னு போட்டுறாதீய.”

மறுநாள் இசக்கியின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, வேறுபாட்டுக்குக் காரணம் என்ற கட்டத்தில் ‘கேட்கவில்லை’ என்று தட்டினேன். சிவப்புக் கோடு வந்தது. இன்னும் இரண்டு தடவை அழுத்தினேன், அப்போதும் சிவப்பு.

“ஒத்தை வார்த்தைய எடுத்துக்காது சார்” என்றாள் இசக்கி. “கொஞ்சம் விவரமா எழுதணும்.”

அதை அழித்துவிட்டு, நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ‘கல்யாணம் ஆகி முப்பத்து மூன்று வருடமாகக் கேட்கவில்லை.’

இந்தத் தடவை எடுத்துக்கொண்டது.